குழந்தைக்கு மூளை நரம்பு தேயும் பரம்பரை நோய்: தோட்டத்துக் குடும்பங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத்தில் இப்படிப்பட்ட பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு நான் போய் வருகிறேன். என் மகனுக்கு இருந்தது பேட்டன் நோயில் சிஎல்என்2 வகை. மற்ற வீடுகளில் வேறு வேறு பெயர்கள், ஒரு வீட்டில் லுக்கோடிஸ்ட்ரோபி (மூளை நரம்புகளின் உறை கெடும் நோய்), ஒரு வீட்டில் இன்னும் பெயரே கிடைக்கவில்லை. பெயர் எதுவானாலும் குடும்பங்கள் தடுமாறுகிற இடங்கள் ஒன்றாகத்தான் இருக்கின்றன.

இந்த நோய்கள் பிள்ளைக்கு ஏற்கெனவே வந்த திறமைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போகும். சிஎல்என்2-இல் பெரும்பாலும் 2 வயதிலிருந்து 4 வயதுக்குள் பேச்சு பின்தங்கும், பிறகு வலிப்பு வரும், நடை தள்ளாடும், விழுங்குவது கடினமாகும், கண் பார்வையும் போகும். இந்த வரிசை ஓரளவு முன்கூட்டியே தெரியும் என்பதால், அடுத்து வரப்போவதற்கு இப்போதே தயாராக முடியும். நான் பார்த்த வரை குடும்பங்கள் நொடிந்து போவது ஒவ்வொரு தடவையும் நடந்த பிறகு ஓடுவதால்தான். அதனால் கீழே உள்ள ஒவ்வொரு படியையும் அது தேவைப்படுவதற்குக் கொஞ்சம் முன்பே செய்யுங்கள்.

1. டாக்டரைப் பார்க்கும் முன் சேர்க்க வேண்டியவை

கையில் போன் இருக்கிறது, வீடியோ எடுங்கள். பிள்ளை நடப்பது, படி ஏறுவது, ஒரு பொருளை எடுப்பது, கை கால் திடீரென்று வெட்டி இழுப்பது எல்லாவற்றையும் தேதியோடு வையுங்கள். கிளினிக்கில் பத்து நிமிடம்தான் பார்ப்பார்கள், அந்தப் பத்து நிமிடத்தில் பிள்ளை எதையும் காட்டாது.

ஒரு நோட்டுப் புத்தகத்தில் எப்போது உட்கார்ந்தான், எப்போது நடந்தான், எந்த வார்த்தைகள் பேசினான் என்று எழுதுங்கள். அதைவிட முக்கியம், எது எப்போது போனது என்பது. பேச்சு வரத் தாமதம் என்று சொன்னால் பேச்சுப் பயிற்சிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு ஆறு மாதம் கழித்து வரச் சொல்வார்கள். வந்த பேச்சு போய்விட்டது என்றால் அது வேறு விஷயம், மூளை நரம்பு டாக்டர் பார்க்க வேண்டிய விஷயம். மலாய் தடுமாறினால் இந்த ஒரு வரியை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: "டூலு போலே, செகாராங் தா போலே" (முன்பு முடிந்தது, இப்போது முடியவில்லை). நான் கூடப் போகும்போதெல்லாம் அம்மாக்களை இதைத்தான் முதலில் சொல்ல வைப்பேன்.

மூன்று தலைமுறைக் குடும்பப் படம் ஒன்று வரைந்து எடுத்துப் போங்கள். சின்ன வயதில் இறந்த பிள்ளைகள், வலிப்பு வந்தவர்கள், சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்கள் எல்லாரையும் போடுங்கள். மாமன் மகள், அத்தை மகன் என்று கட்டியிருந்தால் அதை மறைக்காதீர்கள். யாரையும் குற்றம் சொல்வதற்காக டாக்டர் அதைக் கேட்பதில்லை, எந்த வகைப் பரிசோதனையிலிருந்து தொடங்கலாம் என்று முடிவு செய்யத்தான் கேட்கிறார்.

2. நோயின் பெயரை எழுத்தில் வாங்குவது

வழி இதுதான்: கிளினிக் கெசிஹாத்தான் (அரசாங்க சுகாதார கிளினிக்), அங்கிருந்து சுராட் (பரிந்துரைக் கடிதம்) வாங்கிக்கொண்டு ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் ஆஸ்பத்திரியில் குழந்தைகள் பிரிவு, தேவைப்பட்டால் கோலாலம்பூரில் மரபணு டாக்டர். அரசாங்க ஆஸ்பத்திரியில் குடிமக்களுக்கு ஸ்பெஷலிஸ்ட்டைப் பார்க்க 5 வெள்ளிதான் (ரிங்கிட்). இந்த வரிசையில் போகும் முன் நகையை அடகு வைத்து தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்க ஓடாதீர்கள். ஸ்கேனில் மூளை சுருங்கியிருப்பது தெரியும், எந்த நோய் என்று அது பெரும்பாலும் சொல்லாது.

பெயரைச் சொல்வது ரத்தம்தான். சிஎல்என்2 என்றால் டிபிபி1 என்கிற என்சைம் குறைவாக இருக்கிறதா என்று காய்ந்த ரத்தப் புள்ளியிலேயே பார்க்கலாம், அப்புறம் மரபணுப் பரிசோதனையில் உறுதி செய்வார்கள். முடிவு வந்ததும் "மூளையில் கோளாறு" என்ற பதிலோடு எழுந்து வந்துவிடாதீர்கள். நோயின் முழுப் பெயர், மரபணுவின் பெயர், அதில் கண்டுபிடித்த மாற்றங்கள் மூன்றும் உள்ள ரிப்போர்ட்டின் நகலைக் கேட்டு வாங்குங்கள். உடன்பிறந்தவர்களின் பரிசோதனை, அடுத்த கர்ப்பம், மருந்து விண்ணப்பம் எல்லாம் அந்த ஒரு தாளில்தான் நிற்கின்றன.

3. மற்ற பிள்ளைகளையும் அடுத்த கர்ப்பத்தையும் உடனே பேசுங்கள்

இதைத் தள்ளிப்போடுகிற வீடுகள்தான் அதிகம். மனசு தாங்காது, புரிகிறது. ஆனால் தம்பி தங்கச்சி இருந்தால் அவர்களுக்குப் பரிசோதனை செய்ய இதுதான் நேரம், ஏனென்றால் சிகிச்சை இருக்கிற நோய்களில் அறிகுறி தெரியும் முன் தொடங்கினால்தான் பலன் அதிகம்.

இவற்றில் பெரும்பாலானவை அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று கெட்டுப்போன இரண்டு மரபணுப் பிரதிகளும் சேர்ந்தால் மட்டும் வருபவை. பெற்றோர் இருவரும் ஆரோக்கியமாக இருப்பார்கள். ஒவ்வொரு கர்ப்பத்திலும் நோய் வர 4-இல் 1 வாய்ப்பு, ஒவ்வொரு தடவையும் புதிதாக. "ஒன்றுக்கு வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைக்கு வராது" என்று ஒரு தாத்தா என்னிடம் கணக்குப் போட்டுச் சொன்னார். அப்படி இல்லை.

இதில் மருமகளை மட்டும் குறை சொல்லவும் இடமே இல்லை. கிரகணத்தில் வெளியே போனது, கர்ப்பத்தில் பப்பாளி சாப்பிட்டது, தோட்டத்தில் களை மருந்து அடித்தது எதுவும் இதற்குக் காரணம் இல்லை. மாமியாரையும் ஒரு தடவை மரபணு டாக்டரிடம் கூட்டிப் போங்கள், வெள்ளை கோட்டு போட்டவர் சொன்னால் வீட்டில் அந்தப் பேச்சு நிற்கும்.

இன்னொரு பிள்ளை வேண்டும் என்றால் கர்ப்பமாகும் முன்பே மரபணு டாக்டரிடம் சொல்லுங்கள். குடும்பத்தின் மரபணு மாற்றம் தெரிந்திருந்தால் சுமார் 11 முதல் 14 வாரத்திலேயே கருவைப் பரிசோதிக்க முடியும். நாலு மாதம் ஆன பிறகு போய் நின்றால் அந்த நேரம் கடந்திருக்கும்.

4. மருந்து இருக்கிறதா என்று நேராகக் கேளுங்கள்

சிஎல்என்2-க்கு செர்லிபொனேஸ் ஆல்ஃபா என்ற என்சைம் மருந்து இருக்கிறது. 2017-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. தலையில் ஆபரேஷன் செய்து ஒரு சின்னக் கருவி வைத்து, இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை மூளைக்குள் இருக்கும் திரவத்திலேயே மருந்தைச் செலுத்துவார்கள், நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நடையும் பேச்சும் போகிற வேகத்தை அது குறைக்கிறது. போனதைத் திருப்பித் தராது, கண்ணைக் காப்பாற்றாது. விலை எந்தத் தோட்டத்துக் குடும்பமும் சேர்த்து வைக்கக்கூடிய தொகை இல்லை.

டாக்டரிடம் கேட்க வேண்டியது மூன்று: இந்த வகைக்கு மருந்து உண்டா, என் பிள்ளை இருக்கிற நிலையில் அது உதவுமா, கிடைக்க என்ன வழி. இல்லை என்று பதில் வந்தால் அதையும் எழுத்தில் வாங்கி வையுங்கள். அதன் பிறகு ஸ்டெம் செல், மூளை டானிக் என்று போனில் வருகிற ஆட்களிடம் காசு கொடுக்காதீர்கள். அவர்கள் பிள்ளையின் படத்தை முகநூலில் பார்த்துவிட்டுத்தான் வருவார்கள்.

கோயிலுக்கு நேர்ந்துகொள்வதையோ காவடி எடுப்பதையோ நான் வேண்டாம் என்று சொல்லவே இல்லை, எனக்கும் அதுதான் தெம்பு. விரதம் என்று வலிப்பு மருந்தை மட்டும் நிறுத்தாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் நிற்காத வலிப்பு வரக்கூடும்.

5. கார்டும் உதவித்தொகையும்

ஓகேயு கார்டை (மாற்றுத்திறனாளி அட்டை) பிள்ளை நடக்கும்போதே எடுத்துவிடுங்கள். "இன்னும் நடக்கிறானே" என்று காத்திருந்தால், சக்கர நாற்காலி தேவைப்படுகிற மாதத்தில்தான் பாரத்தோடு அலைய வேண்டி வரும். அரசாங்க டாக்டர் பூர்த்தி செய்த பாரம், பிறப்புப் பத்திரம் அல்லது மைகிட் (பிள்ளைகளுக்கான அடையாள அட்டை), படம், இவற்றோடு சமூகநல இலாகாவில் பதியலாம், இணையத்திலும் செய்யலாம். நிலைமை மாறினால் கார்டில் உள்ள குறைபாட்டுப் பிரிவைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

கார்டு இருந்தால் அரசாங்க ஆஸ்பத்திரியில் மூன்றாம் வகுப்பு வார்டுக்குக் காசு இல்லை. பள்ளியில் சிறப்புக் கல்வி வகுப்பில் சேர்த்தால் மாதம் 150 வெள்ளி அலவன்ஸ். சேர்க்க முடியாத நிலை என்றால் பக்கத்தில் பிடிகே நிலையம் (சமூக மறுவாழ்வு மையம்) எங்கே என்று சமூகநல இலாகாவிலேயே கேளுங்கள். படுக்கையிலேயே இருக்கிற நிலை வந்ததும் பராமரிப்பவருக்கான உதவித்தொகை தனியாக இருக்கிறது, அதற்குத் தனி விண்ணப்பம். கார்டு எடுத்ததும் அது தானாக வந்துவிடும் என்று நினைத்து உட்கார்ந்திருப்பவர்களை நிறையப் பார்க்கிறேன்.

ஆஸ்பத்திரிக்குள்ளேயே மருத்துவ சமூகப் பணிப் பிரிவு இருக்கிறது. சளி உறிஞ்சும் மிஷின், சிறப்புப் பால் போன்ற செலவுகளுக்கு அவர்கள் வழியாகத்தான் சுகாதார அமைச்சின் மருத்துவ உதவி நிதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். டாக்டரிடமே "கெர்ஜா சோசியல் பார்க்க வேண்டும்" என்று சொன்னால் எழுதிக் கொடுப்பார். முதலில் வாங்கிவிட்டு ரசீதோடு போகாதீர்கள், முன்கூட்டியே விண்ணப்பிப்பதுதான் முறை.

அப்புறம், தினக்கூலிக்குச் செம்பனைப் பழம் வெட்டுகிற அப்பாவுக்கு ஒரு நாள் ஆஸ்பத்திரி என்றால் ஒரு நாள் சம்பளம் போச்சு. கண், பல், நரம்பு, பயிற்சி நாலையும் ஒரே நாளில் போடச் சொல்லி கவுண்டரில் கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் செய்து கொடுக்கிறார்கள், கேட்காவிட்டால் நாலு நாள்.

6. வலிப்புக்கு வீட்டில் ஒரு திட்டம்

மூன்று விஷயம் முதல் வலிப்பு வந்த வாரத்திலேயே வீட்டில் தயாராக இருக்க வேண்டும்.

ஒன்று, ஆசனவாயில் செலுத்தும் டையசெபாம் மருந்து. டாக்டரிடம் கேட்டு வாங்கி, யார் யார் பிள்ளையோடு இருக்கிறார்களோ அத்தனை பேரும் நர்ஸிடம் செலுத்தக் கற்றுக்கொள்ளுங்கள், பாட்டி உட்பட. அளவு எடையைப் பொறுத்தது, பிள்ளை வளர்ந்தால் மாறும், அதனால் ஒவ்வொரு தடவை எடை பார்க்கும்போதும் கேளுங்கள்.

இரண்டு, சுவரில் ஒட்டிய ஒரு தாள். பிள்ளையின் பெயர், நோயின் பெயர், எடை, சாப்பிடும் மருந்துகள், கொடுக்கக்கூடாத மருந்துகள். சிஎல்என்2 பிள்ளைகளில் சிலருக்கு கார்பமசெபின், பெனிட்டோயின் போன்ற சாதாரண வலிப்பு மருந்துகளே வெட்டி இழுப்பதை அதிகமாக்கலாம். அவசரப் பிரிவில் இருக்கும் இளம் டாக்டர் இந்த நோயை வாழ்க்கையில் முதல் தடவை அப்போதுதான் பார்ப்பார், அதனால் உங்கள் ஸ்பெஷலிஸ்ட்டிடம் முன்பே ஒரு கடிதம் எழுதி வாங்கி அந்தத் தாளோடு வையுங்கள்.

மூன்று, வழி. தோட்டத்து உள்சாலைக்கு முகவரி கிடையாது. 999-க்குப் போன் செய்து "ரெண்டாவது டிவிஷன், பழைய ஆலைக்குப் பின்னால்" என்றால் ஆம்புலன்ஸ் செம்பனைக்குள் சுற்றிக்கொண்டிருக்கும். மெயின் ரோட்டில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு இடத்தைச் சொல்லுங்கள், ஒருவர் மோட்டார் சைக்கிளோடு அங்கே நின்று கூட்டி வரட்டும். இரவில் கேட் பூட்டுகிற தோட்டம் என்றால் காவலாளியின் நம்பரும் சுவரில் இருக்க வேண்டும்.

வலிப்பு வந்ததும் செய்ய வேண்டிய வரிசை: மணியைப் பாருங்கள், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தலைக்குக் கீழே துணி வையுங்கள், வாயோரம் எச்சிலைத் துடையுங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் மருந்தைச் செலுத்திவிட்டு 999. முதலில் மணி பார்க்கச் சொல்வதற்குக் காரணம், பயத்தில் ஒரு நிமிடம் பத்து நிமிடமாகத் தெரியும், சிலருக்குப் பத்து நிமிடம் ஓடியதே தெரியாது.

கையில் சாவி கொடுப்பது, வாயில் கரண்டி வைப்பது, கட்டிப் பிடித்து அழுத்துவது, தண்ணீர் ஊற்றுவது எல்லாம் இன்னும் நடக்கிறது. சாவியால் வலிப்பு நிற்காது. கரண்டியால் பல் உடையும். தண்ணீர் நுரையீரலுக்குள் போகும். பக்கத்து லயத்திலிருந்து ஓடி வருகிற அண்ணன்மார் அன்பால்தான் செய்கிறார்கள், அதனால் சாதாரண நாளில் அவர்களைக் கூப்பிட்டு டீ கொடுத்து முன்பே சொல்லி வையுங்கள்.

7. சாப்பாடு: இருமும் முன்பே கவனியுங்கள்

வலிப்புதான் பயமுறுத்தும். ஆனால் பிள்ளையைத் திரும்பத் திரும்ப வார்டில் போடுவது சாப்பாடு தவறாக மூச்சுக் குழாயில் இறங்குவதுதான். என் மகன் மைலோ குடித்த பிறகு "ம்ம்" என்று சொல்லும்போது குரல் ஈரமாக, தொண்டையில் தண்ணீர் நிற்பது போல் கேட்கும், பிறகு ஒரு தடவை விழுங்கினால் தெளியும். இருமல் அப்போது இல்லவே இல்லை. அந்த ஈரக்குரல்தான் முதல் அறிகுறி. கண் கலங்குவது, ஒரு சாப்பாட்டுக்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆவது, எடை ஏறாமல் நிற்பது, அடிக்கடி நெஞ்சுச் சளி, இவையும் அறிகுறிகள்தான்.

இதைப் பார்த்ததும் ஸ்பீச் தெரபிஸ்ட்டிடம் விழுங்கும் பரிசோதனை கேளுங்கள். பேச்சுக்கு மட்டும்தான் அவர்கள் என்று நினைக்க வேண்டாம், விழுங்குவதும் அவர்கள் வேலை. தண்ணீர், டீ போன்ற நீர்த்த பானங்கள்தான் முதலில் ஆபத்து, கெட்டியான கஞ்சி பிறகு. எவ்வளவு கெட்டி என்று அவர்கள் அளவு சொல்வார்கள், வீட்டில் நாமாக ஊகிக்கக் கூடாது.

ஊட்டும்போது நிமிர்ந்து உட்கார வைத்து, தாடையைச் சற்றே கீழே தாழ்த்தி, சின்னக் கரண்டியில், முந்தையது இறங்கியதைப் பார்த்துவிட்டு அடுத்தது. மடியில் படுக்க வைத்து அண்ணாந்து ஊட்டுவது நம் பழக்கம், அதைத்தான் முதலில் விட வேண்டும். சாப்பிட்ட பிறகு அரை மணி நேரமாவது உட்கார்ந்திருக்கட்டும். தூக்கக் கலக்கத்திலும் வலிப்பு வந்து முடிந்த உடனேயும் ஊட்டவே கூடாது.

குழாய் வைப்பதைப் பற்றி டாக்டர் பேசினால் பெரும்பாலான வீடுகளில் அழுகைதான். "வாயால் சாப்பிடுகிற சந்தோஷத்தையும் பிடுங்கணுமா" என்று ஒரு பாட்டி கேட்டார். என் எண்ணம் என்னவென்றால், வயிற்றில் வைக்கும் குழாயை எடை நன்றாக இருக்கும்போதே, நெஞ்சில் சளி இல்லாத காலத்தில் வைத்துவிட வேண்டும், மெலிந்து போன பிறகு மயக்க மருந்தே ஆபத்தாகிவிடும். குழாய் இருந்தால் தெரபிஸ்ட் அனுமதிக்கிற வரைக்கும் நாக்கில் ருசி காட்டலாம், வயிறு நிறைக்க வேண்டிய போராட்டம்தான் இல்லாமல் போகிறது. மூக்குக் குழாய் சில வாரங்களுக்குச் சரி, வருடக்கணக்கில் வைக்க அது பொருத்தமில்லை.

குழாய் வந்த பிறகு அடிக்கடி நடக்கும் தவறுகள்: கொடுப்பதற்கு முன்னும் பின்னும் தண்ணீர் செலுத்தாமல் விடுவது, அடைத்துவிடும். மூக்குக் குழாய் என்றால் சரியான இடத்தில் இருக்கிறதா என்று நர்ஸ் சொல்லிக் கொடுத்த முறையில் சோதிக்காமல் பால் விடுவது. எல்லா மாத்திரையையும் இடித்துக் கரைப்பது. எப்பிலிம் குரோனோ போல மெதுவாகக் கரைய வேண்டிய மாத்திரையை இடித்தால் மருந்து மொத்தமும் ஒரே நேரத்தில் உடம்பில் ஏறும், சிரப்பாக மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

8. பேச்சும் பார்வையும் இருக்கும்போதே

பேச்சு முழுதாகப் போவதற்குள் ஆம், இல்லை என்பதற்கு ஒரு வழியைப் பழக்குங்கள். கண்ணை மேலே தூக்குவது ஆம், கையை இழுத்துக்கொள்வது இல்லை, உங்கள் பிள்ளைக்கு எது எளிதோ அது. வீட்டில் எல்லாரும் ஒரே மாதிரி கேட்க வேண்டும், இல்லாவிட்டால் குழம்பிவிடும்.

பார்வை மங்கும் முன்பே குரலாலும் தொடுதலாலும் வாசனையாலும் ஆள் அடையாளம் பழகட்டும். தொடும் முன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள், திடீர்த் தொடுதலே இந்தப் பிள்ளைகளுக்கு உடம்பை வெட்டி இழுக்க வைக்கும். குளிப்பாட்டும் முன் எப்போதும் ஒரே பாட்டு, வெளியே தூக்கிப் போகும் முன் எப்போதும் ஒரே வார்த்தை. ஒரு வீட்டில் அப்பா வேலை முடிந்து வந்ததும் பிள்ளையின் உள்ளங்கையைத் தன் மீசையில் வைப்பார், பிள்ளை சிரிக்கும். கண் போன பிறகும் அது வேலை செய்தது.

9. காரணமில்லாத அழுகை என்று ஒன்று இல்லை

விடாமல் அழுதால் "நோய் அப்படி" என்று விட்டுவிடாதீர்கள். மலச்சிக்கல், காது, பல், சிறுநீர், நெஞ்செரிச்சல், இடுப்பு மூட்டு விலகல், இந்த வரிசையில் பாருங்கள். பல நேரம் மலச்சிக்கல்தான்.

ஒரே பக்கம் படுக்க வைக்காமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்புங்கள். தகரக் கூரை வீட்டில் மத்தியானச் சூடு வலிப்பைக் கிளறும், பிள்ளையைக் காற்றோட்டமான பக்கத்துக்கு மாற்றுங்கள். புகைமூட்டக் காலத்தில் ஜன்னலை மூடுங்கள். சளி மிஷின் வைத்திருந்தால் கரண்ட் போகும் நேரத்துக்குக் கையால் இயக்குகிற ஒன்றையும் கேட்டு வாங்குங்கள், மழைக்காலத்தில் தோட்டத்தில் கரண்ட் போகாத வாரம் உண்டா?

10. கடினமான முடிவுகளைப் பகல் நேரத்தில் பேசுங்கள்

நோய்த் தணிப்பு டாக்டரைப் பார்ப்பது கடைசி வாரத்து வேலை இல்லை. வலி, சளி, தூக்கம் மூன்றையும் சமாளிக்கத் தெரிந்தவர்கள் அவர்கள், சீக்கிரம் போனால் பிள்ளைக்கு நல்லது.

மூச்சு மிஷின் வைக்கலாமா, ஐசியு வேண்டுமா, வீட்டிலேயே இருக்கட்டுமா என்பதை அப்பா, அம்மா, வீட்டுப் பெரியவர்கள் எல்லாரும் இருக்கும்போது டாக்டரோடு பேசி எழுதி வையுங்கள். பேசாத வீட்டில் இரவு இரண்டு மணிக்கு அவசரப் பிரிவில் அம்மா மட்டும் தனியாக நின்று பதில் சொல்ல வேண்டி வருகிறது, அப்புறம் ஆயுசு முழுக்க மற்றவர்கள் கேட்கிறார்கள் ஏன் அப்படிச் சொன்னாய் என்று. எழுதியதை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்.

வீட்டில் என்று முடிவு செய்தால், நோயின் நிலையைச் சொல்லும் டாக்டர் கடிதம் கைவசம் இருக்க வேண்டும். வீட்டில் இறப்பு நேர்ந்தால் போலீஸ் நிலையத்தில் சொல்லித்தான் அடக்கம் செய்ய அனுமதி வாங்க வேண்டும், கடிதம் இருந்தால் அந்த நேரத்தில் தேவையில்லாத கேள்விகள் குறையும்.

11. அம்மாவின் தூக்கமும் மற்ற பிள்ளைகளும்

இரவைப் பங்கு போடுங்கள். அதிகாலையில் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கூட்டும் இடம்) போகிறவர் முன்னிரவு, மற்றவர் பின்னிரவு. யாராவது "ஏதாவது உதவி வேணுமா" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லாமல், சனிக்கிழமை மூன்று மணி நேரம் வந்து உட்காருங்கள் என்று நாளும் நேரமும் சொல்லிக் கேளுங்கள்.

அண்ணன் அக்காமார் கேட்காமல் மனசில் வைத்திருக்கும் கேள்வி இரண்டு: எனக்கும் ஒட்டுமா, நான் அவனை அடித்ததால் வந்ததா. அவர்கள் கேட்கக் காத்திருக்காமல் நீங்களே சொல்லிவிடுங்கள், ஒட்டாது, உன்னால் இல்லை. நோய் இல்லாத உடன்பிறப்புக்கும் அந்த மரபணுவின் ஒரு பிரதி இருக்க 3-இல் 2 வாய்ப்பு. அது அவர்களை ஒன்றும் செய்யாது, அதற்கான பரிசோதனையைப் பெரியவர்களானதும் அவர்களே முடிவு செய்யட்டும். ஆனால் சொந்தத்தில் மாப்பிள்ளை பார்க்கிற பேச்சு வீட்டில் தொடங்குவதற்கு முன்பே இந்த விஷயம் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், மரபணு ரிப்போர்ட்டின் நகலும் அவர்கள் கையில் இருக்க வேண்டும்.